டீ ட்ரீ ஆயிலும் கிராம்பு எண்ணெயும் படர்தாமரையைப் போக்குமா?

ஒரு வாசகியின் நீண்ட கடிதம் இது. அவர் யாரென்று தெரியும்படியான விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிப்ட். கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார், ஏழு வயதில் ஒரு மகள், லைன் வீட்டில் குடியிருப்பு. எட்டு மாதத்துக்கு முன்னால் இடுப்பில், பாவாடை நாடா படும் இடத்தில், காசு அளவுக்கு ஒரு வட்டம் வந்திருக்கிறது. மெடிக்கல் கடையில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிப் போட்டார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தியதும் திரும்பியது. மறுபடி அதே ட்யூப், மறுபடி அதே கதை. இப்போது இரண்டு தொடையிலும் பரவி, கணவருக்கு அக்குளிலும் மகளுக்குக் கழுத்திலும் வந்துவிட்டது.

இதற்கிடையில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருவர் எசன்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய்) பற்றிச் சொல்ல, செல்போனில் தேடிப் படித்திருக்கிறார். ஓமத்திலும் கிராம்பிலும் உள்ள பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை முழுதாகக் கொன்றன என்று படித்ததும் நம்பிக்கை வந்து, டீ ட்ரீ ஆயில், கிராம்பு எண்ணெய், லெமன்கிராஸ் எண்ணெய் மூன்றையும் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினார். கிராம்பு எண்ணெயை அப்படியே தொடையில் தடவியதில் தோல் எரிந்து, கறுத்து, உரிந்திருக்கிறது. "எரிந்தால்தான் கிருமி சாகும் என்று மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் டாக்டர்" என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை: இங்கிலீஷ் மருந்தை அடியோடு விட்டுவிட்டு இந்த எண்ணெய்களையே தொடரலாமா? இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் இருக்கிறதா, இல்லை ஏமாற்றா? மகளுக்கும் தடவலாமா? ரத்தம் சுத்தமாக இரண்டு சொட்டு தண்ணீரில் விட்டுக் குடிக்கலாம் என்கிறார்களே, சரியா?

சகோதரி,

முதலில் அந்த எரிச்சலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கிராம்பு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். உரிந்த இடத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, வாசனை சேர்க்காத வாஸ்லின் மட்டும் மெல்லிசாகப் போடுங்கள். அது ஆறும்வரை அந்த இடத்தில் வேறு எதுவும் வேண்டாம். நீர் கோத்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எரிந்தது கிருமி அல்ல, உங்கள் தோல். அதை மூன்று நாள் தாங்கிக்கொண்டீர்கள் என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

நீங்கள் படித்தது பொய்யில்லை. ஏமாந்துவிட்டோம் என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இந்த எண்ணெய்களில் பூஞ்சையைக் கொல்லும் பொருட்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் "கொல்லும்" என்று எந்த இடத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடித் தட்டில் நடப்பது

ஓமத்தின் அந்தக் காரமான வாசனைக்குக் காரணம் தைமால். கிராம்பில் யூஜெனால், கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். லெமன்கிராஸில் சிட்ரால், பட்டையில் சின்னமால்டிஹைடு. டீ ட்ரீ ஆயிலில் டெர்பினென்-4-ஆல் என்று ஒன்று. (டீ ட்ரீ என்றதும் நம் குன்னூர் தேயிலை என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையிலிருந்து வடிப்பது அது. நாவல், கொய்யா, கிராம்பு, தைலமரம் எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்.)

பூஞ்சையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள்தான் அந்தச் சவ்வைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது. நாங்கள் எழுதித் தரும் டெர்பினாஃபின், இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் பூஞ்சை அந்த எர்கோஸ்டிராலைத் தயாரிக்க விடாமல் தடுக்கின்றன. தைமாலும் யூஜெனாலும் வேறு வழியில் போகின்றன. அவை எண்ணெய்த் தன்மை உள்ளவை என்பதால் நேராகச் சவ்வுக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்கிவிடுகின்றன. உள்ளே இருப்பது வெளியே கசிந்து செல் செத்துப்போகிறது. இது பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

ஆனால் நம் தோலின் செல்லுக்கும் சவ்வு இருக்கிறது. நுழைந்து ஓட்டையாக்கும் பொருளுக்குப் பூஞ்சைச் சவ்வு எது, மனிதச் சவ்வு எது என்று பிரித்துப் பார்க்கும் திறமை குறைவு. அளவு கூடினால் இரண்டையும் சேர்த்தே அழிக்கும். உங்கள் தொடையில் நடந்தது இதுதான்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வட்டமான மூடி போட்ட தட்டில் வளர்ப்பார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் கரைய வைக்க வேறு ஒரு பொருளையும் சேர்ப்பார்கள். மூடிய தட்டுக்குள் எண்ணெயின் ஆவி வெளியே போக வழியில்லை. பூஞ்சை நாள்கணக்கில் அந்த ஆவிக்குள்ளேயே கிடக்கும். இப்போது உங்கள் வேலை இடத்தை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை, தலைக்கு மேல் ஃபேன், இடுப்பில் வழியும் வியர்வை. தடவிய எண்ணெயில் பெரும்பகுதி சிறிது நேரத்தில் காற்றோடு போய்விடும். மூக்குக்கு வாசனை நன்றாகத் தெரிகிறது என்றால் அது தோலை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூஞ்சையோ மேலாக ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுகொண்டு அதற்குள்ளேயே இழை இழையாக ஓடுகிறது. மயிர்க்கால் வழியாக இன்னும் கீழேயும் இறங்கும். அந்த ஆழத்துக்குப் போதுமான அளவு மருந்து போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கினால்தான் பலன்.

மனிதர்களிடம் சோதித்தபோது

எந்தப் பொருளானாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இதையும் இன்னொரு பிரிவுக்கு வெறும் கிரீமையோ வழக்கமான மருந்தையோ கொடுத்து, கடைசியில் தோலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார்களா?

டீ ட்ரீ ஆயிலுக்கு அப்படிச் சில சோதனைகள் நடந்திருக்கின்றன. 1992ல் ஆஸ்திரேலியாவில் கால் விரலிடுக்குச் சேற்றுப்புண் உள்ள 104 பேரிடம் 10 சதவீத டீ ட்ரீ கிரீமைச் சோதித்தார்கள். அரிப்பும் செதிலும் குறைந்தன. ஆனால் சுரண்டிப் பார்த்தபோது பூஞ்சை போனவர்கள் 30 சதவீதம். டால்நாஃப்டேட் என்ற பழைய பூஞ்சை மருந்து போட்டவர்களில் 85 சதவீதம். மருந்தே இல்லாத கிரீம் போட்டவர்களிலும் 21 சதவீதம் பேருக்குப் போயிருந்தது. நோயாளிக்கு "நல்லா இருக்கு" என்று தோன்றியது, பூஞ்சை அங்கேயே இருந்தது. இந்த ஒரு சோதனையை நான் என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்.

பிறகு 2002ல் அதே நாட்டில் 158 பேரிடம் அளவைக் கூட்டி, 25 சதவீதமும் 50 சதவீதமும் கொண்ட கரைசலைத் தினம் இரண்டு வேளை நான்கு வாரம் போட்டுப் பார்த்தார்கள். 50 சதவீதக் கரைசலில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது. மருந்தில்லாத கரைசலில் 31 சதவீதம். இது நிஜமான பலன், மறுக்க மாட்டேன். கூடவே எண்ணெய் போட்டவர்களில் நான்கு பேருக்குத் தோல் நன்றாகவே வெந்து சிவந்தது, நிறுத்தியதும் சரியானது. நகச்சொத்தைக்கு 1994ல் ஒரு சோதனை: ஆறு மாதம் சுத்தமான டீ ட்ரீ ஆயில் போட்டவர்களுக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே முடிவு. அதைக் காட்டி "மருந்துக்குச் சமம்" என்று விளம்பரம் செய்வார்கள். இரண்டிலும் பூஞ்சை முழுதாகப் போனவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். நகத்துக்குள் க்ளோட்ரிமசோல் சரியாக இறங்காது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பொடுகுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு ஓரளவு கேட்கிறது. 126 பேரிடம் நான்கு வாரம் நடந்த சோதனையில் ஷாம்புக்காரர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 11 சதவீதம்.

கவனித்தீர்களா? விரலிடுக்கு, நகம், தலை. உங்களுக்கு இருப்பது இடுப்பிலும் தொடையிலும் பரந்த, அந்த மெடிக்கல் கடை ட்யூபால் வளர்ந்த (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) படர்தாமரை. விரலிடுக்கில் ஒரு விரற்கடை இடத்துக்கு வேலை செய்த 50 சதவீதக் கரைசலைத் தொடை முழுக்க, அதுவும் ஏற்கெனவே வெந்த தோலில் போட முடியாது.

ஓமம், கிராம்பு, லெமன்கிராஸ் எண்ணெய்களுக்கோ இந்த அளவுகூடப் படர்தாமரையில் மனிதச் சோதனை கிடையாது. அவற்றைப் பற்றி நீங்கள் படித்தது ஏறக்குறைய முழுதும் தட்டில் பார்த்தது.

பூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து யாராவது உங்களுக்கு அதைத்தான் சொல்வார்கள். பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறவைக்கும்போது உருவாகும் அஜோயின் என்ற பொருளைத் தனியாகப் பிரித்து, 0.6 சதவீத ஜெல்லாக்கி, வெனிசுலாவில் 60 ராணுவ வீரர்களிடம் டெர்பினாஃபின் கிரீமோடு ஒப்பிட்டார்கள். உங்களைப் போலவே உடம்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை உள்ளவர்கள். இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஆனால் அது அளந்து தயாரித்த ஜெல், பச்சைப் பூண்டு அல்ல. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டித் தோல் கொப்பளித்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

செடியிலிருந்து வந்த பொருள் மருந்தாகாது என்று நான் சொல்ல வரவில்லை. விட்ஃபீல்ட் களிம்பு என்று நூறு வருடத்துக்கும் மேலான படர்தாமரை மருந்து ஒன்று இருக்கிறது. 6 சதவீதம் பென்சாயிக் அமிலம், 3 சதவீதம் சாலிசிலிக் அமிலம். அந்தப் பென்சாயிக் அமிலத்தை மனிதர்கள் முதன்முதலில் கண்டது சாம்பிராணிப் பிசினில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அந்தக் களிம்பு பல வருடம் இருந்தது. நம் வீட்டுப் பக்கத்தில் வண்டுகொல்லி என்று சொல்லும் சீமை அகத்தி இலையிலும் பூஞ்சைக்கு எதிரான பொருள் உண்டு, சித்த மருத்துவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அளவு என்ன, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்பது தெரிந்த பிறகுதான் ஒரு பொருள் மருந்தாகிறது. பாட்டிலில் இருக்கும் எண்ணெய்க்கு அந்த விவரம் ஒன்றும் கூட வரவில்லை.

உங்கள் உண்மையான எதிரி அந்த ட்யூப்

உங்கள் கடிதத்தில் எண்ணெயைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, ட்யூபைப் பற்றி நான்கே வரி. எனக்கு அந்த நான்கு வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

மூன்று நாளில் அரிப்பு நின்று, நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருவது ஸ்டீராய்டு கலந்த கிரீமின் அடையாளம். ட்யூபை எடுத்து, பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஹாலோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் வேறு, க்ளோட்ரிமசோல் வேறு. பின்னது பூஞ்சை மருந்து. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

தோலுக்குள் பூஞ்சை நுழைந்ததும் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு போய்விட்டது என்று நாம் நிம்மதியாகத் தூங்கும்போது பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். பிறகு வட்டமே வட்டமாக இல்லாமல் வட்டத்துக்குள் வட்டமாகவும் ஓரம் மங்கியும் மாறிவிடும், பார்த்தால் மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாது. தொடையிடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழும். அவை மறையாது.

அந்த ட்யூபை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடுதலாகத் தெரியும். பயந்து மறுபடி அதை எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன். அந்த நாட்களுக்கு அரிப்பு மாத்திரை கொடுப்போம். (யாராவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்திருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

உங்களுக்கு ஒரு உரிமையும் இருக்கிறது. 2018ல் மத்திய அரசு தோலில் தடவும் 14 ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று கொண்டுவந்தது. சீட்டில்லாமல் நீட்டினால் வாங்காதீர்கள். "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள், பில் கேளுங்கள். கேட்பது தவறே இல்லை.

மருந்துக்கு ஏன் கேட்பதில்லை என்கிறார்கள்

"இங்கிலீஷ் மருந்து இப்போது வேலை செய்வதில்லை" என்று உங்கள் தோழி சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. நம் நாட்டில் சில வருடங்களாகப் பரவியிருப்பது பழைய பூஞ்சை அல்ல. 2020ல் ஜப்பான் ஆய்வாளர்கள் நேபாளம், இந்தியாவைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனி இனமாகப் பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இதில் பல வகை டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாது. 2023ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததைப் பெரிய செய்தியாக அறிவித்தார்கள். நாங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் பார்ப்பதுதான் அது.

ஒரு மருந்து கேட்கவில்லை என்பதால் எல்லா மருந்தும் கேட்காது என்றாகாது. டெர்பினாஃபினுக்கு அடங்காதது பெரும்பாலும் இட்ராகோனசோலுக்கு அடங்குகிறது. ஆனால் முன்போல இரண்டு வாரத்தில் முடியாது, ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். பாதியில் நிறுத்துவதுதான் இங்கே பெரிய சிக்கல். அந்த கேப்சூலைச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டாலும், கூடவே அல்சர் மாத்திரை போட்டாலும் உடம்பில் சரியாகச் சேராது. கல்லீரல், இருதயத் தொந்தரவு இருக்கிறதா, கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குழந்தை உண்டாக வாய்ப்பிருக்கிறதா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

போகும்போது ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், கே.ஓ.எச். என்பார்கள். வட்டத்தின் ஓரத்தை மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டி, விழும் செதிலைக் கண்ணாடியில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். தோலின் செல்கள் கரைந்து மங்கிப்போக, அவற்றுக்குக் குறுக்கே பச்சைக் கண்ணாடி நூல் போலக் கிளைவிட்டு ஓடும் இழை தெரியும். சில நோயாளிகளை நானே கூப்பிட்டுக் காட்டுவேன். பார்த்த பிறகு "ரத்தம் கெட்டுப்போச்சு" என்ற பேச்சை அவர்கள் விட்டுவிடுவார்கள். வலிக்காது, செலவும் அதிகமில்லை. அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் மருந்தும் இலவசமாகவே கிடைக்கும். ஒன்று மட்டும், போவதற்கு முந்தைய சில நாட்கள் எந்த எண்ணெயும் களிம்பும் போடாமல் போங்கள். எண்ணெய் ஊறிய செதிலில் இழை தெளிவாகத் தெரியாது.

ரத்தம், சூடு, கத்திரிக்காய்

படர்தாமரை வெளியிலிருந்து தோலில் ஒட்டும் பூஞ்சை. ரத்தத்தில் அழுக்கு இல்லை, உடம்பில் சூடும் இல்லை. கத்திரிக்காய், கருவாட்டை நிறுத்த வேண்டிய அவசியம் கிடையாது. சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் பூஞ்சை சீக்கிரம் போகாது.

ஆகவே எண்ணெயைக் குடிக்கவே கூடாது. இதில் "கொஞ்சமாக" என்ற பேச்சே இல்லை. டீ ட்ரீ ஆயில் பத்து மில்லிக்கும் குறைவாகக் குடித்த சின்னக் குழந்தைகளுக்கு நடை தள்ளாடி மயக்கம் வந்திருக்கிறது. நீலகிரித் தைலமும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். உங்கள் வீட்டில் ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். அந்த மூன்று பாட்டிலையும் இன்றைக்கே அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

"இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காது" என்று எழுதியிருந்தீர்கள். தோல் ஒவ்வாமைக்கு நாங்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் வாசனைப் பொருட்களின் பட்டியலில் கிராம்பின் யூஜெனாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் நிரந்தரமாக இருக்கின்றன. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும். பிறகு வாசனை சோப்பு, பவுடர் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டீ ட்ரீ ஆயில் திறந்து வைத்துப் பழசாக ஆக ஒவ்வாமை தரும் தன்மை கூடுகிறது. வேப்பெண்ணெயும் எசன்ஷியல் ஆயில்தானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பிழிந்தெடுக்கும் எண்ணெய்கள், ஆவியாகாதவை. படர்தாமரையின் மேல் அவற்றைத் தடவினால் ஈரம் உள்ளேயே தங்கும். வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்தும் காணாதது இதுதான். மூன்று பேருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். உங்களுக்கு மட்டும் மருந்து போட்டால் கணவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

அடுத்தது அரைஞாண் கயிறு. சிரிக்காதீர்கள், கணவருக்கும் மகளுக்கும் இடுப்பிலோ கழுத்திலோ கயிறு இருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். வியர்வை ஊறிய நூலில் பூஞ்சை தங்கிக்கொள்ளும், எத்தனை மருந்து போட்டாலும் அந்தக் கோட்டிலேயே மறுபடி முளைக்கும். நம்பிக்கைக்காகக் கட்டியது, அடியோடு விட முடியாது என்றால் வெள்ளியில் மாற்றிக்கொள்ளலாம், அதைத் தினம் கழுவித் துடைக்கலாம். உங்கள் மகளின் கழுத்தில் வந்திருக்கும் வட்டம் தாயத்துக் கயிற்றுக்குக் கீழேதானா என்று பாருங்கள்.

துண்டு, சோப்பு, சீப்பு ஆளுக்கு ஒன்று. உள்ளாடை, பாவாடை, படுக்கை விரிப்பைக் கொதிக்கிற வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். லைன் வீட்டில் கொடிக்கயிறு பொது என்று எனக்குத் தெரியும், மற்றவர்கள் துணியோடு ஒட்டாமல் ஓரமாகப் போடுங்கள். மழை நாளில் தையல் ஓரங்களில் சூடாக அயர்ன் போட்டுவிடுங்கள், அது உங்களுக்குக் கைவந்த வேலை. பாவாடை நாடாவுக்குப் பதில் தளர்வான பருத்தி பேன்ட் போட முடியுமா என்று பாருங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்து, இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்த பிறகு கிரீம். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிப் போட வேண்டும். தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

எண்ணெயே கூடாதா?

டீ ட்ரீ ஆயிலுக்கு ஒரு இடம் தருகிறேன். எல்லாம் ஆறிய பிறகு, கணவருக்குச் சாயப்பட்டறைத் தண்ணீரால் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால், வெடிப்பில்லாத தோலில், முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிச் சோதித்துவிட்டு, நான்கு வாரம் போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் மலிவான டெர்பினாஃபின் கிரீம் முதலிடம், இது இரண்டாமிடம். பொடுகுக்கு அந்த ஷாம்பு வாங்கலாம். தொடைக்கு வேண்டாம். அந்தரங்க இடங்களில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். கிராம்பு, லெமன்கிராஸ் எண்ணெய்களைத் தோலில் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பணம் போனது வருத்தம்தான், அதற்காக மிச்சத்தையும் தோலில் தீர்க்க வேண்டியதில்லை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மகளுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். கழுத்தில் மட்டும் என்றால் மருத்துவர் தரும் கிரீமே பெரும்பாலும் போதும். ஆனால் இன்று இரவு அவளுக்குத் தலை பின்னும்போது முடியை வகுந்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். முடி உடைந்து, செதிலோடு, வட்டமாகச் சொட்டை தெரிந்தால் பூஞ்சை தலைக்கு ஏறியிருக்கிறது. அதற்குக் கிரீம் கேட்காது, மாத்திரையோ சிரப்போ வேண்டும், தாமதித்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகக்கூடும். அப்படி இருந்தால் அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, நாளைக்குக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.